பழையது யார் தட்டுக்கு?

தாம்வே பகுதியில் ஐந்தாம் மாடியில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை நாங்கள் அறிவோம். ஊர் நிலவரம் சரியில்லாமல், மோன் மாநிலத்து வீட்டையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு யாங்கூனுக்கு வந்து அவர்களுக்கு இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை. அந்த வீட்டு அப்பத்தாவுக்கு வயது 78. மகன் வேலை முடிந்து வீடு திரும்ப இரவு பத்து மணி ஆகும். ஒரு நாள் மதியம் வைத்த மீன் குழம்பில் மகனுக்கென்று இரண்டு துண்டு எடுத்து மூடி வைத்தார் அப்பத்தா. அன்றிரவு மகன் வெளியிலேயே சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார். மறுநாள் காலையில், "வீணாய்ப் போகிறதே" என்று அந்தக் குழம்பை நன்றாகக் கொதிக்கவைத்து அப்பத்தாவே சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டார்.

மதியத்துக்குள் வாந்தி வந்தது. பிறகு பேதி. சாயங்காலம் பேச்சு குழறி, பேரனைப் பார்த்து, என்றோ இறந்துபோன தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். அவரை நாற்காலியில் உட்காரவைத்து ஐந்து மாடியும் தூக்கி இறக்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் ஆள் தெளிந்தார். அப்போதும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "நான் கொதிக்கவைத்துத்தானே சாப்பிட்டேன்!"

அவர் சொன்னது உண்மைதான். கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். அந்த நினைப்பு எங்கே தவறுகிறது, புதிதாக யாங்கூனில் குடியேறியிருக்கும் நம் குடும்பங்கள் வீட்டுப் பெரியவர்களின் சாப்பாட்டில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதைத்தான் இம்முறை எழுத விரும்புகிறோம்.

எறிய மனம் வராத தலைமுறை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நம் பெரியவர்கள் மிச்சம் மீதியை எறிய மாட்டேன் என்பது பிடிவாதம் அல்ல. 1942-ல் யுத்தத்துக்குப் பயந்து பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்துபோனவர்களின் பிள்ளைகள் அவர்கள். 1964-ல் கடைகண்ணிகள் அரசுடைமையாகி, ஆயிரமாயிரம் குடும்பங்கள் கப்பலேறியபோது இங்கேயே தங்கிவிட்டவர்கள். 1967-ல் ரங்கூனில் அரிசிக்குப் பட்ட திண்டாட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்கள். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்தபோது, கரண்டும் தண்ணீரும் இல்லாமல் நாட்களை ஓட்டியவர்கள். இப்போது வயதான காலத்தில் இன்னொரு முறை மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் போய், "இதைக் கொட்டுங்கள்" என்று சொன்னால் மனம் வருமா?

ஆனால் இதில் நாம் யோசிக்க வேண்டிய வேறொரு விஷயம் இருக்கிறது. நம் வீடுகளில் சாப்பாட்டு வரிசை எப்படி? சுடச்சுட முதல் சோறு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு, அடுத்தது சம்பாதிக்கும் ஆண்களுக்கு, பிறகு மருமகளுக்கு. கடைசியாக உட்கார்ந்து, பானையில் மிஞ்சியதையும் நேற்று மிஞ்சியதையும் சேர்த்துச் சாப்பிடுவது பெரும்பாலும் பாட்டிமார்தான். அதாவது வீட்டிலேயே பலவீனமான வயிற்றுக்கு வீட்டிலேயே பழைய சாப்பாடு போய்ச் சேருகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை; அன்பினால் நடப்பதுதான். இருந்தாலும் ஆபத்து ஆபத்துதான்.

வயதான வயிறு ஏன் தாங்காது?

உணவோடு உள்ளே போகும் கிருமிகளில் பலவற்றை இரைப்பையில் சுரக்கும் அமிலமே கொன்றுவிடுகிறது. வயது ஏற ஏறப் பலருக்கு அந்த அமிலம் குறைகிறது. நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் குறையும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் முன்போல் வேகமாக வேலை செய்வதில்லை. சர்க்கரை வியாதி, சிறுநீரகக் கோளாறு இருந்தால் சொல்லவே வேண்டாம்.

அதோடு, வாசனையும் ருசியும் மங்கிவிடுகின்றன. நாம் மூக்கருகில் கொண்டுபோனதும் முகம் சுளிக்கிற குழம்பு, அவர்களுக்குச் சாதாரணமாகத் தெரியும். தாகமும் குறைந்துவிடும். நாலு தடவை பேதியானால் இளவட்டம் ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து உட்காருவான். பெரியவருக்குத் தண்ணீர் கேட்கவே தோன்றாது. உடம்பு வற்றினால் இரத்த அழுத்தம் விழுகிறது, சிறுநீரகம் தளர்கிறது, புத்தி தடுமாறுகிறது. அந்த அப்பத்தா பேரனைத் தம்பியென்று கூப்பிட்டது இதனால்தான்.

கொதிக்கவைத்தாலும் போகாத விஷம்

கிருமி வேறு, கிருமி கக்கிய விஷம் வேறு. சூடு கிருமியைக் கொல்லும். ஆனால் சில கிருமிகள் உணவில் பெருகும்போது விஷத்தைச் சுரந்துவிட்டுப் போகின்றன. அந்த விஷங்களில் சில எவ்வளவு கொதித்தாலும் அழிவதில்லை. அரிசியிலேயே இருக்கும் பசில்லஸ் செரியஸ் என்ற கிருமி இதற்கு நல்ல உதாரணம். அதன் வித்துகள் சோறு வேகும் கொதிப்பையும் தாங்கிக்கொண்டு சும்மா கிடக்கும். சோறு வெதுவெதுப்பாக இருக்கும் நேரம் பார்த்து முளைத்துப் பெருகி விஷத்தைக் கக்கும். நம் கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் உணவில் சேரும் ஸ்டாபிலோகாக்கஸ் கிருமியின் விஷமும் அப்படித்தான். பல சமயம் வாடையும் மாறாது, ருசியும் மாறாது.

பெரும்பாலான கிருமிகள் 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் பெருகுகின்றன. ஏப்ரல் மாதத்து யாங்கூனில் வெயில் 37 டிகிரியைத் தொடுகிறது. அந்த நேரத்தில் நம் சமையலறை மேடையே கிருமிகளுக்குத் தொட்டில். எனவே நாம் கணக்குப் பார்க்க வேண்டியது வாடையை அல்ல, நேரத்தை. சமைத்த உணவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வீட்டுக்குள் 32 டிகிரிக்கு மேல் புழுங்கும் நாட்களில் ஒரு மணி நேரம்தான் கணக்கு.

ரைஸ் குக்கர் ஏமாற்றுகிறது

ஊரில் விறகடுப்பில் வடித்தவர்கள், இங்கே வந்து ரைஸ் குக்கரில் சமைக்கிறோம். கரண்ட் இருக்கும்வரை அது சோற்றைச் சூடாகவே வைத்திருக்கும். கரண்ட் போனதும் அந்தச் சூடு மெல்ல மெல்ல இறங்கும். மூடிய பானைக்குள் சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடக்கும். தொட்டால் இன்னும் சூடாக இருக்கிறதே என்று நாம் திருப்தி அடைகிறோம். அந்த வெதுவெதுப்புதான் பசில்லஸ் கிருமிக்குப் பிடித்த சூடு. கரண்ட் போய் இரண்டு மணி நேரம் கடந்த குக்கர் சோற்றைப் பெரியவர்கள் தட்டில் போட வேண்டாம்.

சோறு மிஞ்சினால், உடனே அகலமான தாம்பாளத்தில் மெல்லப் பரப்பி ஆறவிட்டு, மூடி பிரிட்ஜில் வைக்க வேண்டும். பெரிய பானையோடு வைத்தால் நடுச்சோறு ஆற வெகுநேரமாகும். மறுநாளைக்குள் ஆவி பறக்கச் சூடாக்கி ஒரே தடவையில் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். மறுபடி ஆறவைத்து மறுபடி சூடாக்குவது கூடாது.

பழைய சோறு சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். தண்ணீரில் ஊறிய சோறு புளிக்கும்போது நல்ல கிருமிகள் பெருகி அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பு கெட்ட கிருமிகளை ஓரளவு அடக்கும். ஆனால் மத்தியானச் சோறு இரவுவரை சும்மா கிடந்து, அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றினால் பயனில்லை. விஷம் அதற்கு முன்பே சேர்ந்திருக்கும். நீராகாரம் இல்லாமல் இருக்க முடியாத பெரியவருக்கு, இரவில் வடித்த சோற்றைச் சீக்கிரம் ஆறவைத்து, கொதித்தாறிய தண்ணீர் ஊற்றி, சுத்தமான பானையில் மூடிவைத்து, காலையில் முதல் வேலையாகக் கொடுத்துவிடுங்கள். வயிறு சரியில்லாத நாட்களிலும், நோயில் படுத்து எழுந்தவர்களுக்கும் அதையும் தவிர்ப்பதே நல்லது.

"மீ லா பி!"

கரண்ட் வந்ததும் மாடிக்கு மாடி "மீ லா பி" என்று பிள்ளைகள் கத்துவதை வந்த முதல் வாரத்திலேயே கேட்டிருப்பீர்கள். 2021-க்குப் பிறகு யாங்கூனில் மின்வெட்டு மணிக்கணக்கில் நீள்வது வழக்கமாகிவிட்டது. எனவே பிரிட்ஜ் இருக்கிறது என்ற தைரியம் இங்கே போதாது.

கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் பிரிட்ஜ் ஏறக்குறைய 4 மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். நிறைந்திருக்கும் உறைபெட்டி 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். எனவே கரண்ட் போனால் பிரிட்ஜ் கதவை அடிக்கடி திறக்காதீர்கள். கரண்ட் இருக்கும்போதே காலி தண்ணீர் பாட்டில்களில் முக்கால் பாகம் நீர் நிரப்பி உறையவையுங்கள். கரண்ட் போனதும் அவற்றை எடுத்து மீன், இறைச்சி, பால், குழம்பு இருக்கும் தட்டில் வையுங்கள். 4 மணி நேரத்துக்கு மேல் குளிர் விட்டுப்போன குழம்பு, மீன், இறைச்சி, பால், வெட்டிய பழம் இவற்றைப் பெரியவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

வெளியூர் போய்த் திரும்பினால், இடையில் கரண்ட் எவ்வளவு நேரம் போனது என்று எப்படித் தெரியும்? ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் போய் உறைந்திருந்தால், நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

தண்ணீர்

கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த நமக்கு, குழாயைத் திறந்தால் நீர் வருவது பெரிய வசதியாகத் தெரிகிறது. லோகா, ஜோபியூ போன்ற ஏரிகளிலிருந்து யாங்கூனுக்குத் தண்ணீர் வருகிறது. ஆனால் குழாய் நீரை அப்படியே குடிக்கும் நீராக நம்ப வேண்டாம். 2024 ஜூன் மாதக் கடைசியிலிருந்து யாங்கூன் வட்டாரத்தில் கடுமையான பேதி பரவி, காலராவும் கண்டறியப்பட்டதை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம் கொதித்தால் போதும். அதை மூடிய பானையில் வைத்து, நீண்ட காம்புள்ள அகப்பையால் எடுங்கள். கையோடு டம்ளரை முக்கி எடுக்கும் பழக்கம் வேண்டாம். 20 லிட்டர் புட்டித் தண்ணீர் வாங்குகிறவர்கள் மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். புட்டியைக் கவிழ்க்கும் பாத்திரத்தையும் வாரம் ஒரு முறை கழுவுங்கள். ஐஸ் கட்டி எந்தத் தண்ணீரில் செய்தது என்று நமக்குத் தெரியாது. பெரியவர்களுக்குக் கடை ஐஸ் வேண்டாம்.

கடைத்தெருவில் கவனிக்க வேண்டியவை

மின்வெட்டு உள்ள ஊரில் ஒரு வாரத்துக்கு மீன் வாங்கி வைப்பது சிக்கனம் அல்ல. அன்றன்றைக்கு வேண்டியதை, காலையிலேயே, கடைசியாக வாங்கி நேரே வீட்டுக்கு வாருங்கள். வெயிலில் கிடந்த சில கடல் மீன்களில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும்; அதுவும் சமைத்தால் போகாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும்.

வேர்க்கடலை, மிளகாய்த்தூள் இரண்டிலும் கவனம் வேண்டும். ஈரப்பதத்தில் பூசணம் பிடித்தால் அப்லடாக்சின் என்ற விஷம் உண்டாகிறது. அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுமையாகப் போகாது. மிளகாயை முழுசாக வாங்கி, பார்த்துப் பொறுக்கி, காயவைத்து அரைப்பது நம் பழைய வழக்கம். அதையே தொடருங்கள். பூசணம் கண்ட கடலையைப் பொறுக்கி எடுத்துவிட்டு மீதியை வறுக்க வேண்டாம்.

நாப்பியோடு பச்சைக் காய்கறி தொட்டுச் சாப்பிடும் பர்மியப் பழக்கம் நம் வீடுகளிலும் வந்துவிட்டது. பெரியவர்களுக்கு மட்டும் அந்தக் காய்களைக் கொதிநீரில் போட்டு எடுத்துக் கொடுங்கள். லப்பெட் வாங்கும்போதும் பார்த்து வாங்க வேண்டும். உணவில் சேர்க்கக் கூடாத அவுரமின் என்ற சாயம் இருந்ததற்காக 2009 மார்ச்சில் பல பிராண்டுகளை இந்நாட்டுச் சுகாதார அமைச்சே பெயர் சொல்லி எச்சரித்தது. கண்ணைப் பறிக்கும் நிறம் நல்ல சரக்கின் அடையாளம் அல்ல.

வீட்டுக்கு வந்ததும் அரிவாள்மணையைக் கவனியுங்கள். மீனோ கோழியோ நறுக்கிய மணையில், கழுவாமல் வெங்காயமும் வெள்ளரிக்காயும் நறுக்கினால், வேகாத காயோடு கிருமி நேரே வாய்க்குள் போகும். காயை முதலில் நறுக்கி முடித்துவிட்டு மீனைத் தொடுங்கள். பிறகு மணையையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கோயில் அன்னதானம், கந்தூரிச் சோறு, மாதா கோயில் விருந்து எதுவானாலும், பெரிய அண்டாவில் சமைத்தது ஆற வெகுநேரமாகும். பிரசாதம் என்பதால் எறிய மனம் வராது. எனவே வாங்கும்போதே ஒரு கை அளவு வாங்கி, வீட்டுக்கு வந்ததும் பகிர்ந்து உடனே சாப்பிட்டுவிடுங்கள். பெரியவருக்கென்று மறுநாளுக்கு எடுத்து வைக்க வேண்டாம்.

வயிறு கெட்டுவிட்டால்

முதல் பேதியிலேயே ஆரம்பியுங்கள், காத்திருக்காதீர்கள். எந்த மருந்துக் கடையிலும் "தாத்சா" என்று கேட்டால் ஓ.ஆர்.எஸ். பொடி தருவார்கள். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பொடி கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டுக் கலக்குங்கள். ஒரேயடியாகக் கொடுக்காமல், கேட்காவிட்டாலும் வாய் வாயாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். உப்புப் போட்ட கஞ்சியும் நல்லது. சர்க்கரை வியாதி இருக்கிறதே என்று ஓ.ஆர்.எஸ். கொடுக்காமல் விடாதீர்கள், டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடுங்கள். இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்றும், வழக்கமான பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை அன்று கொடுக்கலாமா என்றும் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

தோலைக் கிள்ளிப் பார்ப்பதை நம்பாதீர்கள். வயதானவர் தோல் எப்போதுமே தளர்ந்துதான் இருக்கும். நாக்கு உலர்வது, சிறுநீர் குறைவது, எழுந்தால் தலை சுற்றுவது, பேச்சு மாறுவது, அசதியாகத் தூங்கிக்கொண்டே இருப்பது இவைதான் அடையாளம். அரிசி கழுவிய தண்ணீர் போலப் பேதி போனாலோ, இரத்தம் கலந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தாலோ அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையை நாமாகக் கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

மிஞ்சாமல் சமைப்போம்

"கொட்டுங்கள்" என்று பெரியவர்களிடம் சொல்வதைவிட, கொட்ட வேண்டிய நிலை வராமல் செய்வது எளிது. ஒரு வேளைக்கு ஒரு வேளை அளந்து சமைப்போம். இரவு வருகிறவருக்குச் சோறும் குழம்பும் எடுத்து வைப்பதற்குப் பதிலாக, அரிசியும் அரிந்த காயும் எடுத்து வைப்போம். சாப்பாட்டு வரிசையை மாற்றி, முதல் சோற்றைப் பெரியவருக்குப் போடுவோம். ஒழுங்காகக் குளிரில் இருந்த மிச்சத்தைச் சாப்பிட வேண்டி வந்தால், அதைத் திடமான வயிறு உள்ள நாம் சாப்பிடுவோம்.

தாம்வே வீட்டில் இப்போது அப்படித்தான் நடக்கிறது. "அத்தை, உங்கள் கைக்கு அளவு தெரியும்; நீங்களே அரிசி அளந்து கொடுங்கள்" என்று மருமகள் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிட்டார். அப்பத்தாவுக்கு எழுதத் தெரியாது. ஆனால் சமையல் முடிந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, முள் எங்கே நிற்கிறதோ அங்கேயே பானை மூடியில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டுவிடுகிறார். முள் இரண்டு மணி தாண்டினால் அந்தச் சட்டியை யாரும் தொடக் கூடாது, அவர் உட்பட. சென்ற மாதம் நாங்கள் போயிருந்தபோது பானையில் ஒரு பருக்கை மிச்சமில்லை. "வீணாகவும் போகலை, வயிற்றையும் கெடுக்கலை" என்று சொல்லி, எங்களுக்காகப் புதிதாக உலை வைத்தார்.